கடலுக்கடியில் சண்டை போடுகிறவளுக்கு ஓர் உடுப்பு

ஜெனி,

நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய பார்சல் புதன்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அப்பாதான் ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்தார். பிரித்துப் பார்த்தால் மூன்று மீட்டர் லைக்ரா, இரண்டு மீட்டர் நீலச் சாட்டின், ஒரு ஜிப், பெரிய தாளில் வரைந்த இரண்டு படங்கள், யாரோ ஒரு நடிகையின் உடம்பளவு எழுதிய சீட்டு. அன்று மத்தியானமே நீ போனில் கேட்டாய்: "ம்மா, ரெண்டு படத்தையும் பாத்தியா? இதுல எந்தப் பொண்ணு நம்ம ஊரு பொண்ணு? நீ எதச் சொல்லுதியோ அதயே தச்சு அனுப்பு. ரெண்டும் இல்லன்னா சொல்லு, இந்த வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன்." நான் என்ன சொன்னேன்? "சாப்பிட்டியா?" என்றேன். நீ "சாப்பிட்டேம்மா" என்று வைத்துவிட்டாய். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை நீ படக் கம்பெனிக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வயது மகள் தன் பிழைப்பைத் தூக்கி அம்மாவின் தையல் மிஷின் மேல் வைத்திருக்கிறாள். அம்மாவோ சோற்றை விசாரிக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகும் எனக்கு ஒன்றும் தெளியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் பெரிய டிசைனர் வேறு படத்துக்குப் போய்விட்டதால் கதாநாயகியின் உடுப்பு முழுக்க உன் பொறுப்புக்கு வந்தது என்று நீ சொன்ன அன்று, தெருமுனையில் குகை மாதிரி கட்டிய கெபியில் நிற்கும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். கதையையும் நீ சொன்னாய். நம் முத்துக்குளித்துறைக் கடலில் பிறந்த பெண்ணாம். மணிக்கணக்கில் மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் இருப்பாளாம். திமிங்கலம் அவள் சொன்னபடி கேட்குமாம். கடைசியில் ஊரையே காப்பாற்றுவாளாம். பெயர் பிலோமினா. நம் தெருவிலேயே நாலு பிலோமினா இருக்கிறார்கள், ஒருத்திக்குத் தலைவலி வந்தாலே தாங்காது. இருந்தாலும் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. இத்தனை வருஷம் படம் பார்த்ததில் நம் பெயரில் ஒருத்தி ஊரைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

பிறகு முதல் படத்தைப் பிரித்தேன். தோள் தெரியக் கிழிந்த சட்டை, முழங்காலுக்கு மேலே ஏறிய பாவாடை, இடுப்பில் மீன்கூடை, கழுத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலுவை. இது அவர்கள் கேட்டது என்றாய். பார்த்த உடனே கடற்கரைப் பெண் என்று தெரிய வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பெரிய சிலுவையைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் யார் நடமாடுகிறார்கள்? பிஷப்கூட இதைவிடச் சின்னதாகத்தான் போட்டிருப்பார். அதோடு, கடலுக்கடியில் போகிறவள் மீன்கூடையை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள்? மீனிடமே மீன் விற்கவா?

இரண்டாவது நீ வரைந்தது. கழுத்துவரை மூடிய சட்டை, முழுக்காற்சட்டை, முதுகில் நீளமாக ஒரு நீலத் துணி. சிலுவை இல்லை, கூடை இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இருந்தது. பார்க்கப் பார்க்க, இவள் யார் என்று தோன்ற ஆரம்பித்தது. எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம், ஊரே இல்லாதவளாகவும் இருக்கலாம். சிலுவை இருந்தால் கோபம் வருகிறது. இல்லாவிட்டால் எங்கே அது என்று மனசு தேடுகிறது. என் கழுத்தில் கிடக்கும் மெல்லிய சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இது என்ன புத்தி என்று நீ சிரிப்பாய். எனக்கே சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. அந்த நீலத் துணியைப் பற்றி இப்போது சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் அப்பாவிடம் காட்டினேன். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற படகில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர், கடல் விஷயத்தில் ஏதாவது புத்தி சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு படத்தையும் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "ஏளா, கடலுக்கடியில சண்ட போடுதவளுக்கு எதுக்கு லிப்ஸ்டிக்கு?" என்றார் முதலில். அது படம், அப்படித்தான் இருக்கும் என்றேன். "அதுசரி. எந்தக் காலத்துல நம்ம பொம்பளைய முத்துக் குளிச்சாவ? ஆம்பளையதான குளிச்சாவ. குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். கைய விட்டா தன் அக்கா தங்கச்சிதான தாலியறுப்பான்னு அவனுக்குப் பயம் இருக்கும். இவளுக்கு யாரு கயிறு பிடிப்பா, நாத்தனாரா?" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நாத்தனார் பிடிச்சா நடுக்கடல்ல கயித்த விட்டுட்டு வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடிப்பா" என்றேன். "என் தங்கச்சியச் சொல்லுதியா?" என்று எழுந்து போனவர் சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை.

திமிங்கலம் சொல்பேச்சுக் கேட்பதை ஒத்துக்கொள்கிற மனுஷன், ஒரு பெண் முத்துக் குளிப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாரே என்று முதலில் வயிறெரிந்தேன். பிறகு மிஷினில் உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது என்று பட்டது. மீன்கூடை பொய் என்றால், நம் பெருமைக்காகச் சேர்க்கிற முத்துக்குளிப்பும் பொய்தானே? நம் பெண் பிள்ளைகள் இறால் கம்பெனியில் பனிக்கட்டிக்குள் கைவிட்டு விரல் வீங்க உரிக்கிறார்கள், துறைமுக ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள், குவைத் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். இவர்களில் யாருக்காவது சக்தி கொடுத்துப் பறக்கவிட்டால் அது நம் ஊர்ப் பெண்ணா? அல்லது அப்போதும் நான் ஏதாவது குறை கண்டுபிடிப்பேனா? கண்டுபிடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். யாரும் ஒருபோதும் நம்மைச் சரியாக வரைந்ததில்லை என்பதால், சரியாக வரைந்தால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நீ சின்ன வயதிலேயே கேட்டுவிட்டாய். உனக்கு ஆறு வயது இருக்கும், மூவரும் ஒரு படத்துக்குப் போனோம். அதில் கடத்தல்காரனுக்கு நம் தெரு ஆட்கள் வைக்கிற பெயர், கழுத்தில் ஜெபமாலை. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, "ப்பா, நாம கெட்டவங்களா?" என்று கேட்டாய். அப்பா வண்டியை நிறுத்தி உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபிறகு என்னிடம்தான் பொருமினார்: "நம்ம ஆளு படத்துல வந்தா ஒண்ணு தண்ணி அடிப்பான், இல்லன்னா பாவசங்கீர்த்தனக் கூண்டுல சாமியார்கிட்ட போய் அழுவான். ரெண்டுக்கும் நடுவுல அருவாளத் தூக்குவான். இத விட்டா அவனுவளுக்கு வேற தெரியாது." அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நீ டிவியில் தமிழில் பேசுகிற இங்கிலீஷ் சூப்பர்ஹீரோ படங்களாகப் பார்த்துத் தள்ளினாய். ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண், அவளும் ஓரத்தில்தான் நிற்கிறாள். கறுப்பின நண்பன் எப்போதும் நாயகனுக்கு முன்னால் விழுந்து சாகிறான் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வாய். "படத்தப் பாருளா, எண்ணாத" என்று அதட்டுவேன். எண்ணியதால்தான் இன்று இந்த வேலையில் இருக்கிறாய் என்று இப்போது புரிகிறது.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சொல்ல வெட்கப்பட்டு வைத்திருந்தேன். காயல்பட்டினத்திலிருந்து ஜைனபு என்று ஒருத்தி என்னிடம் துணி கொடுப்பாள், வீட்டுக்காரர் துபாயில். ஏழு வயது மகளைக் கூட்டிவந்து, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குச் சூப்பர்ஹீரோ உடுப்பு வேண்டும் என்றாள். நான் பெரிய அறிவாளி மாதிரி, கேட்காமலே நீளக் கை, முழங்கால்வரை தொங்கும் சட்டை, அதே நிறத்தில் தலைக்குத் துணி என்று தைத்து வைத்தேன். நம் ஜெனி பார்த்தால் மெச்சுவாள் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு. ஜைனபு பார்த்துவிட்டுச் சிரித்தாள். "டெய்லரக்கா, எங்க வீட்டுல இன்னும் இவளுக்குத் தலையில துணி போடச் சொல்லல. அதுக்குள்ள நீங்க போட்டுட்டியளே" என்றாள். எனக்கு முகம் செத்துப்போனது. உடனே கத்திரியை எடுத்தேன். அந்தப் பிள்ளை, ஹாஜரா அவள் பெயர், ஓவென்று அழுகிறாள். அவளுடைய லாத்தாக்கள், பெரிய அக்காமார், போடுகிறார்களே, அவளுக்கும் வேண்டுமாம். நான் கத்திரியை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறேன், பிள்ளையைப் பார்க்கிறேன். "என்னைய ஏன் பாக்குறிய? போடப்போறது அவதானே, அவகிட்டயே கேளுங்க" என்றாள் ஜைனபு.

கேட்டேன். அந்த வாண்டு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னது: "துணி வேணும். ஆனா நெனச்சா கழட்டுற மாதிரி வேணும். அப்புறம் பாக்கெட் வைங்க." சூப்பர்ஹீரோவுக்கு எதற்கம்மா பாக்கெட் என்றேன். "இன்ஹேலர் வைக்க" என்றாள். அவளுக்கு இளைப்பு உண்டாம். நான் பார்த்த எந்தப் படத்திலும் ஊரைக் காப்பாற்றுகிறவனுக்கு மருந்து வைக்கப் பை இருந்ததில்லை. ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்துத் தலைத்துணியும், வலப்பக்கம் ஒரு பையும் தைத்துக் கொடுத்தேன். ஆனால் இதில் எனக்கு என்ன பாடம் என்று கேட்டால் இன்னும் குழப்பம்தான். போட்டது தப்பா, எடுக்கப் போனது தப்பா? சினிமாக்காரர்கள் நம்மை வரைகிற மாதிரியே நான் அவளை வரைந்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. நல்ல எண்ணத்தோடுதான் வரைந்தேன். அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் வரைந்திருப்பார்களோ என்று நினைத்தபோது எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனது.

இனி நீலத் துணி. அந்தப் படத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளிக் கரை வரைந்திருக்கிறாயே, அது எங்கிருந்து வந்தது என்று நம் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. உனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. நான் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் சூப்பர்ஹீரோ உடுப்பு தைத்துக்கொண்டிருந்த சமயம். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று அயர்ன் பண்ணி வரிசையாக மாட்டிவைத்திருப்பேன், நீ ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் போவாய். உனக்கும் வேண்டும் என்றாய். "பொம்பளப் புள்ளைக்கு நர்ஸ் வேஷம் போடுவோம், அழகா இருக்கும்" என்றேன். நீ அடம்பிடித்து அழுது, இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். சரி என்று ஒத்துக்கொண்ட அன்று முதுகுக்குப் போடத் துணி இல்லை. அலமாரியில் மாதாவின் பழைய மேலங்கி இருந்தது.

இந்தக் கடிதத்தைப் பிறரும் படிக்கப்போகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நம் தெரு மாதாவுக்குப் புது மேலங்கி தைப்பது நம் வீட்டு வேலை. பழையதைக் கழற்றி நம் வீட்டில்தான் வைப்பார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெபம் சொல்லிச் சின்னத் துண்டுகளாக வெட்டி வீட்டுக்கொன்று கொடுப்போம்; தொட்டிலில் கட்டுவார்கள், நோயாளியின் தலையணைக்கடியில் வைப்பார்கள். அந்த வருஷம் வெட்டுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒரு நாள்தானே, போட்டுவிட்டு வந்ததும் வெட்டிக் கொடுத்துவிடலாம், மாதா கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்று, நான்தான் எடுத்தேன். நான்தான் உன் உயரத்துக்கு மடித்து அடித்தேன். தோளில் நிற்பதற்காக நான்கு கொக்கி வைத்ததும் நான்தான். நீ எடுக்கவில்லை. உனக்கு அந்த அலமாரியின் மேல்தட்டு எட்டவே எட்டாது.

போட்டியில் உனக்குப் பரிசு இல்லை. நீ அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தெருவுக்குள் ஓடிவந்தவள் நேராகக் கெபிப் படியில் ஏறி, கையை நீட்டிக்கொண்டு குதித்தாய். துணி முதுகில் விரிந்தது. மறுபடி ஏறி மறுபடி குதித்தாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் ரோசம்மா மாமி வந்தாள். தினமும் கெபியில் ஜெபமாலை சொல்லிக் கொடுப்பவள், அவள் கண்ணுக்கு வெள்ளிக் கரை தப்புமா? உன் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "மாதா உடுப்பப் போட்டுக்கிட்டு ஆட்டமா போடுத? யாருளா எடுத்துக் குடுத்தா?" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாது மாமி. நான் இல்லாத நேரம் அலமாரியில இருந்து அவளே எடுத்துருக்கா."

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். அவ்வளவுதான். அழவில்லை, இல்லை என்று சொல்லவில்லை. துணியைத் திருப்பிக் கொக்கியைக் காட்டியிருந்தால் போதும், எட்டு வயதுப் பிள்ளை கொக்கி வைத்துத் தைக்காது என்று தெரு முழுக்கப் புரிந்திருக்கும். நீ அந்தக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை உள்பக்கமாக மடித்து மாமியிடம் கொடுத்தாய். அன்று சாயங்காலம் ஜெபமாலை முடியும்வரை நீ கெபி முன்னால் சரளில் முட்டி போட்டாய். நான் பின்வரிசையில் நின்று அருள்நிறை மரியே சொன்னேன். படகிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு உன்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. ராத்திரி உன் முழங்காலில் எண்ணெய் தடவும்போது, "ம்மா, கொக்கி நல்லா நின்னிச்சி" என்றாய். ஜெனி, பதினெட்டு வருஷமாக அந்த வார்த்தை எனக்குள் கிடக்கிறது. நீ என்னைக் குத்துவதற்குச் சொன்னாயா, ஆறுதலுக்குச் சொன்னாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் உன்னை மாதாவாக வேஷம் போட்டு மேடையில் நிறுத்தினேன். கை கூப்பிக்கொண்டு அசையாமல் நின்றாய், முதல் பரிசு வாங்கினாய். ஊரெல்லாம் மெச்சியது. நானும் மெச்சினேன். நீ தெருவில் ஓடுவதை நிறுத்தியிருந்தாய் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு பெண் பிள்ளையைப் பறக்கவும் விட்டு, உடனே கீழே இழுத்தும் போட்டது சினிமாக்காரன் இல்லை, நான்தான். அதனால் அவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து எனக்கு எரிந்ததே, அதில் பாதி என்மேலேயே வந்த எரிச்சலோ என்னவோ.

நேற்றுச் சாயங்காலம் நீ மறுபடி போன் செய்தாய். உடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "ம்மா, சொல்ல மறந்துட்டேன், கதையில பிலோமினாக்கு ஒரு அம்மா உண்டு. டெய்லர். எப்படி இருப்பான்னு கேட்டாவ, நான் உன்னையத்தான் சொன்னேன். கழுத்துல டேப்பு, மூக்கு நுனியில கண்ணாடி" என்றாய். எனக்கு ஒரே கூச்சம். எவ்வளவு நேரம் வருவாள் என்றேன். "முதல் அரைமணி நேரத்துல செத்துருவா." எதற்குளா சாக வேண்டும் என்றேன். "அவ செத்தாத்தான் இவளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தாத்தான் சக்தி வரும். எல்லாப் படத்துலயும் அப்படித்தாம்மா" என்று சிரித்தாய். அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டேன். "ரொம்ப நல்லவ. பொய்யே சொல்ல மாட்டா. மகளுக்காக எல்லாத்தையும் விட்டவ." அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். உன்னுடைய இரண்டாவது படத்தைத்தான் தைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பை வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் பிரித்துக்கொள், ஆனால் பிரிக்காதே. கழுத்துப்பட்டியின் உள்பக்கம் ஒரு மெல்லிய சங்கிலி மாட்டுகிற மாதிரி நூலில் ஒரு வளையம் போட்டிருக்கிறேன். மாட்டுவதும் மாட்டாததும் பிலோமினா பாடு. நீலத் துணியையும் தைத்துவிட்டேன். அந்த நடிகை வடக்கேயிருந்து வருகிறவள், நம் நிறம் வருவதற்காக முகத்துக்குக் கறுப்பு பூசுவார்கள் என்று நீ சொன்னதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நம் நிறத்தில் ஒரு பெண் கிடைக்கவில்லையா என்று கேள். கேட்டால் வேலை போய்விடுமா? போனால் வீட்டுக்கு வா என்று சொல்ல வாய் வருகிறது. நீ வந்துவிட்டால் அங்கே அதைக் கேட்க யார் இருப்பார்கள் என்றும் வருகிறது. இரண்டு வாயும் என்னுடையதுதான். இவள்தான் நம் ஊர்ப் பெண்ணா என்று நீ கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. யாரும் என்னைக் கேட்டதே இல்லை, நீ கேட்டாய், அதுவே எனக்குப் பெரிய காரியமாக இருக்கிறது. போவதா இருப்பதா என்பதை நீயே முடிவு செய். எதுவானாலும் நான் உன் பக்கம். இந்த முறை பின்வரிசையில் நிற்க மாட்டேன்.

அந்த அம்மா விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அவள் அவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டாம். ஒருத்தியாவது பயந்தாங்கொள்ளியாக, ஊர் வாய்க்குப் பயந்து மகளைக் காட்டிக்கொடுத்தவளாக இருக்கட்டும். அப்படி ஒருத்தியை எழுதினால், அவள் நம் ஊர்க்காரிதான் என்று நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கொல்ல வேண்டாம் என்றும் சொல். செத்துப்போனால் மகளுக்குக் கோபம் வரும், சரி. ஆனால் அவள் உயிரோடு இருந்தால்தான் மகளிடம் மன்னிப்புக் கேட்க முடியும். ஜெனி, என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷமும் ஒரு சினிமாவும் தேவைப்பட்டிருக்கிறது.

திருவிழா மலருக்கு மாதாவின் உடுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தெருப் பையன்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். இந்தக் கடிதத்தையே நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன். ஆனால் அச்சில் வருவதற்கு முன்னால் ரோசம்மா மாமி என் வாயால் கேட்க வேண்டும். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஜெபமாலைக்கு வந்துவிடுகிறாள். நாளைச் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் கெபி முன்னால் எல்லாரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுவேன். அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. இந்தப் பார்சல் உன் கைக்கு நாளைக் காலையிலேயே வந்துவிடும், நீ உடனே படித்துவிடுவாய், அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை அப்பாவுக்குப் போன் செய்யாதே, மாமிக்கும் செய்யாதே. "அம்மா சும்மா சொல்லுதாவ மாமி, நான்தான் எடுத்தேன்" என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவள் நீ. இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றாதே.

அம்மா